கையில இருக்கிற பாஸை முதல்ல திறந்து பாருங்க

போன எபிசோடுக்குப் பிறகு வந்த மெசேஜ்கள்ல நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் வேற வேற மாதிரி கேட்டிருந்தீங்க. "ப்ரோ, என்கிட்ட விலை குறைஞ்ச பாஸ் கிட்டார் இருக்கு. சத்தம் நல்லா இல்ல. வித்துட்டு வேற வாங்கலாமா, இல்ல பெடல் வாங்கினா சரியாயிடுமா?"

நேரா பதில் சொல்லிடலாம். ஆனா இதே கேள்வியோட நான் ஒரு மாசம் தூங்காம சுத்தியிருக்கேன். அதனால அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் பாஸ் நான் முதல் வேலையில சேர்ந்தப்போ வாங்கினது. 11,500 ரூபாய். ஜாஸ் பாஸ் மாடல், அதாவது ரெண்டு சிங்கிள் காயில் பிக்கப், ரெண்டு வால்யூம், ஒரு டோன். வீட்டுக்குக் கொண்டு வந்தப்போ அம்மா கேட்டாங்க, "நாலு கம்பிக்கு இவ்ளோவா? ஆறு கம்பி வச்சது இதைவிடக் கம்மின்னு சொன்னியே?" அன்னிக்கு என்கிட்ட பதில் இல்ல.

அப்போ நான் ஒரு லைட் மியூசிக் குழுவுல வாசிச்சிட்டிருந்தேன். பெரும்பாலும் கல்யாண ரிசப்ஷன். ஒருநாள் போரூர் பக்கம் ஒரு மண்டபம். 'பகலில் ஓர் இரவு' படத்துல வர்ற "இளமை எனும் பூங்காற்று" பாடறாங்க. 1979-ல வந்த பாட்டு. பாஸ் வாசிக்கிறவங்களுக்குத் தெரியும், அந்தப் பாட்டுல பாஸ் ஓரமா நிக்காது, பாடகரோட கூடவே நடந்து வரும். ரெண்டு வாரம் உட்கார்ந்து பழகிட்டுப் போயிருந்தேன். மேடையில வாசிக்கிறேன், மிக்சர்ல இருந்து கேட்டது வெறும் "தொம் தொம்". எந்த ஸ்வரம்னே தெரியல. யாரோ பக்கத்து ரூம்ல மெத்தையைத் தட்டுற மாதிரி. அதோட கூடவே ஒரு "ம்ம்ம்ம்"னு இரைச்சல்.

இடைவேளையில குழுவை நடத்துற அண்ணன் கூப்பிட்டார். கீபோர்டு வாசிக்கிறவர், ரொம்ப நல்ல மனுஷன். "தம்பி, தப்பா எடுத்துக்காத. பாஸை நான் இடது கையிலயே பாத்துக்கறேன். அடுத்த மாசத்துல இருந்து நீ ரிதம் கிட்டார் எடுத்துக்கோ" அப்படின்னார்.

கீபோர்டு வாசிக்கிறவர் இடது கையில பாஸ் வாசிக்கிறது இந்த மாதிரி குழுக்கள்ல ரொம்பச் சாதாரணம். ஒரு ஆள் சம்பளம் மிச்சம். அதனால அவர் மேல கோபமே வரல. என் பாஸ் மேலதான் வந்தது. அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து, 60,000 ரூபாய்க்கு ஒரு பாஸ் பாத்து, இஎம்ஐ கணக்குப் போட்டுட்டேன். பட்டனை அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

அழுத்தாம விட்டதுக்குக் காரணம் ஒரு சீனியர். பல வருஷமா மேடையில வாசிக்கிறவர், எனக்கு அண்ணன் மாதிரி. அடுத்த வார ரிகர்சலுக்கு அவரை வரச் சொல்லி என் பாஸைக் காட்டினேன். அவர் எதுவும் பேசல. தன்னோட பாஸை எடுத்து, அதே கேபிள்ல, அதே மிக்சர்ல சொருகினார். என் பாஸைவிடப் பத்து மடங்கு விலை அது. வாசிச்சார்.

"தொம் தொம்".

அதே மெத்தை! என்னால நம்பவே முடியல. அவர் சிரிச்சுட்டு, பையில இருந்து ட்யூனர் பெடலை எடுத்து நடுவுல மாட்டினார். ட்யூன் பண்றதுக்கு மட்டும் இருக்கிற பெடல், சத்தத்தை எதுவும் பண்ணாதுன்னு நான் நினைச்சது. ஆனா மாட்டினதும் கம்பியோட அந்த உலோக விளிம்பு திரும்ப வந்துடுச்சு. அப்புறம் என் பாஸையும் அதுல சொருகினார். என்னோடதும் உயிர் வந்து பேசுச்சு.

என்ன நடந்தது? பாஸ்ல இருக்கிற பிக்கப்னா காந்தத்தைச் சுத்தி ஆயிரக்கணக்கான சுத்து மெல்லிசு செம்புக் கம்பி. அதுல இருந்து வர்ற சிக்னல் ரொம்பப் பலவீனம். அதை வாங்கிக்கிற இடம் உயர்ந்த இம்பீடன்ஸோட இருக்கணும். பாஸ் ஆம்ப்ல சாதாரணமா 10 லட்சம் ஓம் அளவுல இருக்கும். மிக்சரோட லைன் இன்புட்ல பத்தாயிரம், இருபதாயிரம் ஓம்தான். சொட்டுச் சொட்டா தண்ணி வர்ற குழாய்க்குக் கீழ ஓட்டை பக்கெட் வச்ச மாதிரி. எவ்ளோ வந்தாலும் நிக்காது. முதல்ல போறது மேல் ஒலிகள், அதாவது எந்த ஸ்வரம்னு காதுக்குக் காட்டிக் கொடுக்கிற பகுதி. அந்த ட்யூனர்ல பஃபர்னு ஒரு சின்ன சர்க்யூட் இருந்தது. அது ஓட்டையை அடைச்சுது, அவ்ளோதான். எல்லா பெடல்லயும் இது இருக்காது. ட்ரூ பைபாஸ்னு போட்டிருக்கிற பெடல், ஆஃப்ல இருக்கும்போது வெறும் கம்பி மாதிரிதான்.

ஆக, 60,000 ரூபாய் பாஸ் வாங்கியிருந்தாலும் அந்த மண்டபத்துல நான் மெத்தையைத்தான் தட்டியிருப்பேன். கூடவே ரெண்டு வருஷம் இஎம்ஐ கட்டியிருப்பேன்.

அந்த அண்ணன் கிளம்பும்போது ஒண்ணு சொன்னார்: "சத்தம் எங்க தொலையுதுன்னு விரல்ல இருந்து ஸ்பீக்கர் வரைக்கும் ஒவ்வொரு படியா தேடு. அப்புறம் காசை எடு." இந்த எபிசோடு முழுக்க அதுதான். நான் தேடின வரிசையிலயே சொல்றேன்.

முதல் படி, கம்பி. என் பாஸ்ல கடையில மாட்டிக் கொடுத்த கம்பிதான் அதுவரைக்கும். சென்னை வேர்வைக்கு அது செத்தே போயிருந்தது. கம்பியோட சுத்துகளுக்கு நடுவுல அழுக்கும் எண்ணெயும் சேர்ந்தா முதல்ல பளபளப்பு போகும், அப்புறம் சுருதியும் சரியா நிக்காது. கையில காசு இல்லன்னா பழைய ஒரு வித்தை இருக்கு. கம்பியைக் கழட்டி, சுருட்டி, பத்து நிமிஷம் கொதிக்கிற தண்ணில போட்டு, நல்லா துடைச்சுக் காய வச்சு மாட்டினா கொஞ்ச நாளைக்கு உயிர் வரும். நான் ரசம் வைக்கிற பாத்திரத்துல பண்ணினேன். அதுக்கப்புறம் எங்க வீட்ல நடந்தது இந்த எபிசோடுக்குத் தேவையில்ல. தனிப் பாத்திரம் வச்சுக்கோங்க.

ரெண்டாவது, செட்டப். விலை குறைஞ்ச பாஸுக்கும் விலை கூடின பாஸுக்கும் கைக்குத் தெரியற வித்தியாசத்துல பெரும்பகுதி இங்கதான் இருக்கு. பட்ஜெட் பாஸ்ல இதுக்கு யாரும் நேரம் செலவழிச்சிருக்க மாட்டாங்க. நெக்குக்குள்ள ட்ரஸ் ராடுன்னு ஒரு இரும்புக் கம்பி இருக்கு, கம்பிகளோட இழுவையைத் தாங்கறதுக்கு. முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடிச்சு, நடுவுல ஏழு எட்டாவது ஃப்ரெட் பக்கம் பாருங்க. கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல ஒரு விசிட்டிங் கார்டு நுழையற அளவு, ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தா போதும். அதிகமா இருந்தா ராடை இறுக்கணும், இடைவெளியே இல்லன்னா தளர்த்தணும். ஒரு தடவைக்குக் கால் சுத்துதான். சுத்திட்டு ட்யூன் பண்ணி, கொஞ்ச நேரம் விட்டுட்டு மறுபடி பாருங்க. திருகவே வரலன்னா பலம் காட்டாதீங்க, தெரிஞ்சவங்ககிட்ட கொண்டு போங்க. மழைக்காலத்துலயும் கோடையிலயும் மரம் வேற வேற மாதிரி நடந்துக்கும். அதனால வருஷத்துக்கு ரெண்டு தடவை பாத்துடுங்க.

அடுத்து கம்பியோட உயரம். பன்னெண்டாவது ஃப்ரெட்ல ஈ கம்பிக்குக் கீழ சுமார் 2.4 மில்லிமீட்டர், ஜி கம்பிக்குக் கீழ 2 மில்லிமீட்டர்ல ஆரம்பிச்சு, உங்க கைக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க. என்னோடதுல 4 மில்லிமீட்டர் இருந்தது. இத்தனை நாளா விரல் வலிச்சது என் சாதகக் குறைவுன்னு நினைச்சிட்டிருந்தேன்.

கடைசியா இன்டொனேஷன். பன்னெண்டாவது ஃப்ரெட்ல ஹார்மோனிக் வாசிங்க, அப்புறம் அதே இடத்துல அழுத்தி வாசிங்க. ட்யூனர்ல ரெண்டும் ஒண்ணா இருக்கணும். அழுத்தினது கூடுதலா காட்டினா, பிரிட்ஜ்ல அந்தக் கம்பியோட சேடிலைப் பின்னாடி தள்ளுங்க. குறைவா காட்டினா முன்னாடி. ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு ஆலன் கீ, ஒரு ஞாயித்துக்கிழமை. செலவு பூஜ்யம்.

[பாஸ் வாசித்துக் காட்டுகிறார்]

இப்போ கேட்டது அதே 11,500 ரூபாய் பாஸ்தான். இன்னும் ஒரு பைசா எலக்ட்ரானிக்ஸ்ல போடாத நிலைமையில பதிவு பண்ணி வச்சிருந்தது.

மூணாவது, இரைச்சல். பாஸோட பின்பக்கம், இல்ல கண்ட்ரோல் பிளேட்டைத் திறந்தீங்கன்னா நாலஞ்சு ஒயர், மூணு கண்ட்ரோல், ஒரு கெப்பாசிட்டர், ஒரு ஜாக். அவ்ளோதான் இருக்கும். ஃபெண்டர் கம்பெனி ஜாஸ் பாஸைக் கொண்டு வந்தது 1960-ல. உள்ள இருக்கிற தத்துவம் இன்னிக்கும் ஏறக்குறைய அதேதான். இதைத் தெரிஞ்சுக்கிட்டப்போ எனக்குப் பயம் போயிடுச்சு. ராக்கெட் ஒண்ணும் இல்ல இது.

சிங்கிள் காயில் பிக்கப் ஒரு ஏரியல் மாதிரி. நம்ம ஊரு கரன்ட் 50 ஹெர்ட்ஸ்ல ஓடுது. சுத்தி இருக்கிற ஒயர், சீரியல் லைட்டு, டிம்மர் எல்லாத்துலயும் இருந்து பிக்கப் அந்த இரைச்சலை வாங்கும். ஜாஸ் பாஸ் மாடல்ல ரெண்டு வால்யூமையும் முழுசா வச்சா இரைச்சல் பெரும்பாலும் அடங்கிடும். ஏன்னா ரெண்டு பிக்கப்பும் எதிரெதிரா சுத்தியிருக்கும், ஒண்ணு வாங்கின இரைச்சலை இன்னொண்ணு கழிச்சுடும். ஒண்ணை மட்டும் குறைச்சா திரும்ப வரும். இது கோளாறு கிடையாது, அதோட இயல்பு.

மிச்ச இரைச்சலுக்கு காப்பர் டேப். ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கும். பசையும் மின்சாரம் கடத்துற வகையா கேட்டு வாங்குங்க. கண்ட்ரோல் இருக்கிற குழி முழுக்க ஒட்டி, ஒட்டின எல்லாத் துண்டும் எர்த்தோட சேர்ந்திருக்கான்னு மல்டிமீட்டர்ல பீப் கேட்டு உறுதி பண்ணுங்க. சிக்னல் வர்ற முனை எதுவும் டேப்பைத் தொடக் கூடாது. தொட்டா சத்தமே வராது. எனக்கு முதல் தடவை வரல. அழுகை வந்துடுச்சு. ஜாக்கோட நுனி தொட்டுக்கிட்டு இருந்தது, ஒரு துண்டு இன்சுலேஷன் டேப்ல சரியாச்சு.

கையோட வால்யூம் கண்ட்ரோல்களையும் மாத்தினேன். கடையில '250கே பாட்'னு கேளுங்க. டோனுக்கு 0.047 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர். அது மேல 473-ன்னு அச்சடிச்சிருக்கும். சில ரூபாய்தான். ஆயிரக்கணக்குல விலை சொல்ற கெப்பாசிட்டர்களும் இருக்கு. டோனை மாத்தறது அதோட அளவு, அதுக்கு மேல அதுகிட்ட ரொம்ப எதிர்பார்க்காதீங்க. ஆடிப் போயிருந்த ஜாக்கையும் புதுசா போட்டேன். மேடையில பாதிப் பாட்டுல சத்தம் போறதுக்கு முக்கால்வாசிக் காரணம் ஜாக்கும் கேபிளும்தான்.

இங்க ஒரு நிமிஷம், சீரியஸா ஒரு விஷயம். பாஸோட கம்பிகள் பிரிட்ஜ் வழியா எர்த்தோட இணைஞ்சிருக்கும். அதாவது நீங்க கம்பியைப் பிடிச்சிருக்கும்போது நீங்களும் அந்த இணைப்புல ஒரு பகுதி. ஆம்ப்ல எர்த் சரியா இல்லாம, உள்ள கரன்ட் கசிஞ்சா, மைக்கை உதடு தொடுற நொடியில அது உங்க வழியா ஓடும். ஸ்டோன் த குரோஸ் குழுவோட கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972-ல, வேல்ஸ்ல ஸ்வான்சீ நகரத்துல, மேடையிலயே இப்படித்தான் இறந்து போனார். நம்ம மண்டபங்கள்ல மூணாவது பின்னை உடைச்சுட்டு ரெண்டு பின்ல சொருகற பழக்கம் இன்னும் இருக்கு. "எர்த்தை எடுத்தா இரைச்சல் போயிடும்"னு யாராவது சொன்னா, தயவுசெஞ்சு கேக்காதீங்க. வாசிக்கிறதுக்கு முன்னாடி மல்டிமீட்டரை ஏசில வச்சு, ஒரு முனையைக் கம்பியில, இன்னொரு முனையை மைக்கோட வலையில வச்சுப் பாருங்க. ஒண்ணு ரெண்டு வோல்ட்டுக்கு மேல காட்டினா மைக்கைத் தொடாதீங்க, சவுண்ட் பாக்கிறவரைக் கூப்பிடுங்க. "என்னப்பா சீன் போடறான்"னு நினைப்பாங்க. நினைச்சுட்டுப் போகட்டும்.

நாலாவது படி, இப்பதான் பெடல். பாஸ் வாசிக்கிறவங்க முதல்ல வாங்க வேண்டியது ப்ரீஆம்ப் டிஐ. அந்த ஓட்டை பக்கெட் கதைக்கு முழுத் தீர்வு இதுதான். ஒரு பக்கம் பாஸுக்கு ஏத்த இன்புட், இன்னொரு பக்கம் மிக்சருக்கு ஏத்த அவுட்புட், நடுவுல ஈக்யூ. டெக் 21 கம்பெனியோட சான்ஸ்ஆம்ப் பாஸ் டிரைவர் இந்த வகையில பேர் போனது. அதே பாணியில விலை குறைஞ்சது பெரிங்கர் பிடிஐ21. நான் வாங்கினது செகண்ட் ஹேண்ட், 2,500 ரூபாய். ஆம்ப் இல்லாத மண்டபத்துலயும் இது இருந்தா போதும்.

அதுக்கு அடுத்தது லேசான ஓவர் டிரைவ். இது ராக் வாசிக்கிறவங்களுக்கு மட்டும்னு நினைக்காதீங்க. பாஸோட ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். உங்க போன் ஸ்பீக்கரால அதை எழுப்பவே முடியாது. அப்போ ரீல்ஸ்ல நமக்கு பாஸ் எப்படிக் கேக்குது? அதோட ஹார்மோனிக்ஸ் 82, 124, 165-னு மேல போகும். மேல இருக்கிற அந்த ஒலிகளைக் கேட்டுட்டு, கீழ இல்லாத ஸ்வரத்தை நம்ம மூளையே நிரப்பிக்கும். ஓவர் டிரைவ் இந்த ஹார்மோனிக்ஸைக் கூட்டும். அதனால கொஞ்சமா சேர்த்தா, தனியா கேக்கும்போது கரகரன்னு இருந்தாலும், குழுவோட சேரும்போது பாஸ் தெளிவா நிக்கும். வாங்கும்போது பிளெண்ட் கண்ட்ரோல் இருக்கான்னு பாருங்க. அது சுத்தமான சிக்னலையும் கூடவே கலந்து விடும். நான் அது இல்லாத ஒரு ஃபஸ் பெடல் வாங்கி, வீட்ல ராஜா மாதிரி உணர்ந்து, ரிகர்சல்ல காணாமப் போயிருக்கேன். கீழ் ஒலி மொத்தமும் அதுல போயிடுச்சு.

கம்ப்ரெஸர், ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும். ரொம்ப உதவும். ஆனா உங்க விரல் சமமா வாசிக்கப் பழகினதுக்கு அப்புறம் வாங்குங்க, இல்லன்னா தப்பை மறைச்சு வைக்கும். ஆக்டேவர், ஒரு ஸ்தாயி கீழ சேர்க்கும். பீனோ பல்லடீனோ 80-கள்ல பாஸ் ஓசி-2 வச்சு வாசிச்சதைத் தேடிக் கேளுங்க. இங்க 'பாஸ்' ஜப்பான் கம்பெனியோட பேரு, குழம்பிடாதீங்க. ஆக்டேவரை ஓவர் டிரைவுக்கு முன்னாடி மாட்டுங்க, அப்பதான் ஸ்வரத்தைத் தடுமாறாம பிடிக்கும்.

பவர் அடாப்டர் ஜாக்கிரதை. பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட், நடுவுல நெகட்டிவ். வீட்ல கிடக்கிற ரவுட்டர் அடாப்டர்கள்ல பெரும்பாலும் நடுவுல பாசிட்டிவ். "9 வோல்ட்தானே"ன்னு நண்பனோட கோரஸ் பெடல்ல அதைச் சொருகினேன். லேசா ஒரு வாசனை வந்தது. அதுதான் அந்த பெடல் கடைசியா பண்ணின எஃபெக்ட். காசு கொடுத்துட்டேன், நட்பு இருக்கு.

காசே செலவழிக்காத எஃபெக்ட் ஒண்ணும் சொல்லிடறேன். பாத்திரம் தேய்க்கிற புது ஸ்பாஞ்சை ஒரு துண்டு வெட்டி, பிரிட்ஜ் பக்கத்துல கம்பிகளுக்கு அடியில சொருகுங்க. சத்தம் நீளாம, உருண்டையா, பழைய ரெக்கார்டு மாதிரி வரும். மோட்டவுன் பாட்டுகளுக்கு வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சனோட பாஸ்ல பிரிட்ஜ் மூடிக்கு அடியில இப்படி ஒரு ஃபோம்தான் இருந்தது. கம்பியையும் அவர் லேசுல மாத்த மாட்டார். நான் முதல்ல சொன்னதுக்கு நேர் எதிர். அவருக்கு அந்தச் சத்தம்தான் வேணும்னு தெரிஞ்சிருந்தது. நமக்கும் என்ன வேணும்னு தெரிஞ்சா, பாதி ஷாப்பிங் லிஸ்ட் தானா அழிஞ்சிடும்.

மொத்தம் எனக்கு ஆனது, கம்பி, டேப், பாட், ஜாக், டிஐ எல்லாம் சேர்த்து 6,000 ரூபாய்க்குள்ள. எரிஞ்சு போன கோரஸைச் சேர்க்கல.

நாலு வாரம் கழிச்சு அடுத்த ரிசப்ஷன், தாம்பரத்துல. "அண்ணே, இன்னிக்கு ஒருநாள் மட்டும் பாஸே வாசிக்கிறேனே"ன்னு கேட்டேன். சரின்னார், ஆனா முகத்துல நம்பிக்கை இல்ல. அதே பாட்டு வந்தது. முதல் நாலு வரிக்கு அவரோட இடது கையும் பாஸ் வாசிச்சிட்டிருந்தது. ரெண்டு பேரும் ஒரே இடத்துல மோதிக்கிட்டோம். அப்புறம் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். சரணம் வரும்போது பார்க்கிறேன், அவரோட இடது கை பாஸை விட்டுட்டு ஸ்ட்ரிங்ஸ் சவுண்டுக்குப் போயிருந்தது.

நிகழ்ச்சி முடிஞ்சு அவர் எதுவும் சொல்லல. அடுத்த மாச தேதிகளை அனுப்பினார். என் பேருக்கு நேரா 'பாஸ்'னு போட்டிருந்தது.

உங்க பாஸ் நிஜமாவே மோசமானதாவும் இருக்கலாம். நெக் முறுக்கிப் போயிருந்தா, ஃப்ரெட்டெல்லாம் தேஞ்சு போயிருந்தா, வேற வாங்கறதுதான் சரி. ஆனா அதை முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை கொடுங்க. திறந்து பாருங்க. என்ன இருந்ததுன்னு எனக்கு எழுதுங்க, போட்டோவும் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பாக்கலாம்.